ஒற்றைக் கம்பம்

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்றே ஒன்றுதான். எதிர்ப்பக்கம் குழி மட்டும் தோண்டியிருந்தார்கள். மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கும். வளையத்தில் வலையும் கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா, ஓரம் உரசிப் போனதா என்று தினமும் சண்டை. மஞ்சள் மூட்டை தைக்கிற சணலைத் திரித்து நானே ஒரு வலை கட்டினேன். இரண்டு மழைக்கு மேல் அது தாங்கவில்லை.

1999 அது. ஒன்பதாம் வகுப்பு. பாப்பிரெட்டிப்பட்டியில் பெண் பிள்ளை மாலை ஆறு மணிக்குப் பந்தோடு வீடு திரும்பினால், திண்ணைக்குத் திண்ணை கேள்வி வரும். ஆயா மட்டும் எனக்காகப் பேசும். "கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் குதிக்கட்டும் விடு" என்று சொல்லும். அது அனுமதியா, கெடுவா என்று அன்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பி.டி. டீச்சரும் பாசத்தோடு இன்னொரு கெடு வைத்திருந்தார்: "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை வாங்கிடு பாப்பா. அதுக்கப்புறம் பந்தைத் தொடவே வேண்டாம்."

ஒற்றைக் கம்பத்தில் பழகியவர்களுக்குப் பாதி ஆட்டம்தான் வரும். அரூரில் முதல் போட்டிக்குப் போனபோது அது உடம்புக்கே தெரிந்தது. பந்தைப் பறிகொடுத்ததும் எதிர்க்கோடி வரை ஓடித் தடுக்க வேண்டும். நாங்களோ பழக்கதோஷத்தில் நடுக்கோட்டிலேயே நின்றுவிட்டோம். திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. இன்னொரு கம்பம் இருந்திருந்தால் என்று பல வருஷம் ஏங்கியிருக்கிறேன்.

அதே வயதில் சென்னையில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தார். அனிதா பால்துரை, 1985-இல் பிறந்தவர். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. அவர் பெயரைப் பத்திரிகையில் முதலில் பார்த்தபோது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பற்றிய ஒரு செய்தியையும் விட்டதில்லை. அவருக்கு வேலை கிடைத்தது தெற்கு ரயில்வேயில். எங்கள் டீச்சர் சொன்ன கணக்குப்படி அத்தோடு பந்து ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் பெண்கள் கூடைப்பந்தில் நாட்டிலேயே வலுவான அணி ரயில்வே அணிதான். சம்பளம், பயிற்சி நேரம், கூட ஆடச் சமமான ஆட்கள் எல்லாம் அங்கே இருந்தன. முற்றுப்புள்ளி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த வேலைதான் அவரைத் தொடர்ந்து நாட்டுக்காக ஆட வைத்தது. பொம்மிடி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காக நிற்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். அது எங்கள் ஊர்ப் பக்கமாகவும் ஓடுகிற ரயில்வேதானே!

ஆயா சொன்ன தாலிக் கெடுவையும் அவர் தாண்டினார். பிள்ளை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. அன்று வீட்டில் நான் மட்டும் கைதட்டினேன். ஆயா இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பிறகு அனிதா இந்திய இளம் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். 2021-இல் பத்மஸ்ரீ.

ஆடியவர் பயிற்சியாளராவதும், பிறகு அணியை நடத்தும் நாற்காலியில் உட்காருவதும் அமெரிக்காவில் பழக்கமான பாதை. ஜெர்ரி வெஸ்ட் லேக்கர்ஸ் அணிக்காக 1960 முதல் 1974 வரை ஆடினார். ஒன்பது முறை இறுதிச் சுற்றுக்குப் போய், 1972-இல் ஒரே ஒரு முறை வென்றார். அப்புறம் மூன்று பருவம் பயிற்சியாளர். பிறகு மேலாளர். 1996-இல் ஷகீல் ஓ'நீலையும், பதினேழே வயதான கோபி பிரையன்ட்டையும் அந்த அணிக்குக் கொண்டுவந்தது அவர்தான். எட்டு முறை தோற்றவருக்குத்தான் ஜெயிக்கிற கையை அடையாளம் தெரிந்தது என்று நான் நம்புகிறேன். தேர்வுக் குழுவில் ஆடியவர்கள் உட்கார வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதும் அதனால்தான். பள்ளி நாட்களில் ஒரு தேர்வில், பந்தையே தொடவிடாமல் உயரத்தை மட்டும் அளந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்த வலி இன்னும் ஆறவில்லை.

இன்று நான் அதே ஊரில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பி.பி.எட். முடித்ததும், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் படித்தேன். முதலமைச்சர் கோப்பைக்குப் பெயர் கொடுப்பது, மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம் போக வண்டி பேசுவது, அப்பாக்களிடம் கையெழுத்து வாங்குவது என எல்லாம் என் தலையில்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வேன். வேலை கிடைத்த பிறகும் ஆடலாம் என்பதையும் கையோடு சொல்லிவிடுவேன்.

கம்பம் இன்னும் ஒன்றுதான். ஆனால் ஒற்றை வளையத்தில், அரை மைதானத்தில், அணிக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டம் 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. பத்து நிமிடம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்கள். 2013-இல் தோஹாவில் இந்தியப் பெண்கள் ஆசியத் தங்கம் வென்றதும் இதில்தான். அனிதாவும் அந்த அணியில் இருந்தார். அரூரில் எங்களைத் தோற்கடித்த அந்தப் பாதி ஆட்டத்தைத்தான் இப்போது முழு ஆட்டமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. வேலி ஓரம் நின்று பிள்ளைகள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து ஆட ஒரு ஆள் குறைந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள்.

"எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்றார் அவள் அம்மா.

"பத்து நிமிஷம்மா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள்.