ஐன்ஸ்டைனை முந்தியவர்

பொறியியல் ஆய்வாளரின் பெருமையை இன்று எச்-இண்டெக்ஸ் என்ற ஒற்றை எண் சொல்லிவிடுகிறது. எண் 20 என்றால், தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் அவரிடம் உண்டு. யார், எதற்காகக் காட்டினார்கள் என்று அந்த எண் கேட்காது. மொய் நோட்டு மாதிரிதான்: நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்.

2010இல் பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணினி அறிஞர் சிரில் லாபே இந்தக் கணக்கைச் சோதித்தார். ஐக் அன்ட்கேர் என்று ஓர் ஆய்வாளரைப் படைத்தார். எம்ஐடி மாணவர்கள் 2005இல் வேடிக்கைக்காக உருவாக்கிய சைஜென் மென்பொருள், அர்த்தமே இல்லாத கட்டுரைகளைக் கேட்டவுடன் சமைத்துத் தரும். அப்படி நூறு கட்டுரைகள். ஒன்றையொன்று மேற்கோள் காட்டிப் புகழ்ந்துகொண்டன. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் அத்தனையையும் நம்பியது. அன்ட்கேரின் எச்-இண்டெக்ஸ் 94. ஐன்ஸ்டைன் பின்தங்கினார். (பாவம், அவர் தானே யோசித்து எழுதியவர்.)

இது விளையாட்டு. அடுத்தது விளையாட்டல்ல. லாபே தொடர்ந்து தேடியதில், நிஜமான மாநாடுகளின் தொகுப்புகளிலேயே சைஜென் கட்டுரைகள் சிக்கின. 2014இல் அவற்றை வெளியிட்ட ஸ்பிரிங்கரும் ஐஇஇஇயும் 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்க வேண்டியதாயிற்று. அவற்றைப் பிடித்ததும் ஒரு மென்பொருள்தான், லாபே எழுதியது.