சானடோரியம் சொல்லும் பதில்

கேள்வி: நோய்க்குத் தக்கபடி அரசின் கொள்கை மாறியதை எங்காவது பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், இரும்புலியூர்

பதில்: பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! தாம்பரம் சானடோரியம் வரை போய் வாருங்கள். 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது. அந்தக் கிருமி உடலின் காவலை உடைத்தால், காசநோய் தட்டாமலே உள்ளே வரும். எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல இடங்களில் கதவை மூடிய காலத்தில், 1993 முதல் தாம்பரம் படுக்கை கொடுத்தது. பெரிய மனசு!

1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சங்கம் அமைத்தது. மற்ற மாநிலங்களும் அதே வழியில் வந்தன. 2004-இல் இலவசக் கூட்டு மருந்து வந்தபோது, உடலைக் காக்கும் சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இறங்கும்வரை பலர் காத்திருக்க வேண்டியிருந்தது. உயிரைப் பணயம் வைத்த காத்திருப்பு அது. வரம்பு படிப்படியாகத் தளர்ந்து 2017-இல் ஒழிந்தது: தொற்று உறுதியானதும் சிகிச்சை. நல்ல கொள்கைக்குப் பிடிவாதம் ஆகாது.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியம். சந்தேகம் இருப்பவர்களைத் தயங்காமல் போகச் சொல்லுங்கள்.