கருப்பு ஆயில்: பரபக்கமும் சுபக்கமும்

மோட்டார் சைக்கிள் இன்ஜினிலிருந்து வடிக்கப்பட்டு, சூட்டாலும் கரியாலும் இரும்புத் துகளாலும் நிறம் மாறி, ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவில் வீட்டுக்காரர் கையில் எஞ்சும் கழிவெண்ணெய் கருப்பு ஆயில் எனப்படும். அதை என்ன செய்வது என்பதில் செட்டிநாட்டின் கல்லல் வட்டாரத்து இல்லங்களில் பல மதங்கள் நிலவக்கூடுமாதலால், சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் கையாண்ட முறைப்படி, பிறர் கொள்கையை எடுத்து மறுக்கும் பரபக்கம் முன்னும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் பின்னுமாக இவ்வாராய்ச்சி அமைகிறது.

பரபக்கத்தில் முதலில் நிற்பது சேமிப்பு மதம். "எதுக்காவது ஆகும்" என்பது இதன் மூல சூத்திரம். இம்மதத்தார் ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடி தொலைந்துபோனமையால் வாயில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, கொல்லைப்புற மாடத்தில் வைப்பர். கதவுக் கீலுக்கு மூன்று சொட்டு, கிணற்று உருளைக்கு ஐந்து சொட்டு என மாதம் எட்டுச் சொட்டு செலவாகிறது என்று கொண்டாலும், லிட்டருக்கு ஏறத்தாழ 20,000 சொட்டு என்பதால் கையிருப்பு 200 ஆண்டுகளுக்கு மேல் வரும்; அடுத்த ஆயில் மாற்றமோ சில மாதங்களில் வந்துவிடும். வட்டிக் கணக்கில் தேர்ந்த செட்டிநாட்டில் இந்த வரவு செலவு தணிக்கைக்குத் தப்பியது வியப்புக்குரியது.

இரண்டாவதாகிய பூச்சு மதம், கரையானுக்கு அஞ்சிக் கதவு நிலைகளில் ஆயிலைத் தடவச் சொல்லும். அந்நிலைகளின் பர்மாத் தேக்கு தன் இயல்பாலேயே கரையானைத் தாங்குமாதலின், இதனால் விளையும் பயன் பிசுக்கும், அதில் ஒட்டும் தூசியும், சாய்ந்து நிற்பவர் வேட்டியில் விழும் கறையுமே. அக்கதவு பின்னாளில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குச் சென்றாலும், ஆயிலுக்கென்று தனி விலை கிடைப்பதில்லை.

மூன்றாவது மண் மதம். வேலியோரம் ஊற்றியது மறைந்ததால் இல்லாமற்போயிற்று எனச் சாதிப்பது. ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், கழிவெண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுவதாலும், மழைநீரை ஊருணியில் தேக்கி உண்ட ஊர்களில் வேலியோரத்துக்கும் ஊருணிக்கும் இடையே ஒரு மழையே தொலைவு என்பதாலும், இம்மதம் நிற்காது. அடுப்பில் ஊற்றி எரிக்கும் நான்காம் மதம், எண்ணெயில் சேர்ந்த உலோகங்களைப் புகையாக்கி மூக்குக்கு அனுப்புவதால் தானே வீழ்கிறது.

இனிச் சுபக்கம். எண்ணெய் அழுக்கடைகிறதே அன்றித் தேய்ந்து தீர்வதில்லை. சுத்திகரித்தால் மீண்டும் மசகெண்ணெய் ஆகும். ஆகவே அதை இறுக மூடும் டப்பாவில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, ஆயில் டிரம் வைத்திருக்கும் மெக்கானிக் பட்டறையில் சேர்த்து, அங்கிருந்து பதிவுபெற்ற சுத்திகரிப்பாளரிடம் போகச் செய்வதே முறை. பிரேக் ஆயிலையோ கூலண்ட்டையோ அதனுடன் கலந்தால் சுத்திகரிப்பு கெடும். கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்குமாதலால், திறந்து வைத்தால் நாய் நக்கிச் சாகவும் கூடும். அபாயக் கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகள் கழிவெண்ணெயையும் அபாயக் கழிவுப் பட்டியலில் வைத்துள்ளன. அவற்றின் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் இதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியது.

டப்பா காலியாகத் திரும்பி வந்தால் அதில் எதை ஊற்றுவது என்பது தனி ஆய்வுக்குரியது. குடிநீரை ஊற்றலாகாது என்பதில் மட்டும் நான்கு மதத்தாரும் உடன்படுவர்.