மெகாபிக்சலா, லென்ஸா?

கேள்வி: செல்போனில் படம் எடுத்துப் பழகியவன் நான். முதன்முதலாக நல்ல கேமரா வாங்க ஆசை. எதை வாங்கலாம்?
(வாசகர், திருவதிகை)

பதில்: முப்புரத்தை எரிக்க ஈசனுக்கு ஒரு சிரிப்பே போதுமாயிருந்த ஊர் உங்களுடையது. உங்களுக்கும் ஒரு நல்ல லென்ஸ் போதும்!

மெகாபிக்சல் கணக்கில் மயங்காதீர்கள். செல்போனுடையதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று, கூடவே 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் எஃப் 3.5-இல் தரும் வெளிச்சத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கை இது உள்ளே விடும். கெடில ஆற்றங்கரையில் பொழுது சாய்ந்த பிறகும் படம் கலங்காது.

வாங்குமுன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். கடலூர்ப் பக்கத்து ஈரக்காற்றுக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

உங்கள் ஊர் வீரட்டானேசுவரர் கோயில் விமானத்தின் சுதைச் சிற்பங்களை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மடிப்புக்கு மடிப்பு நிழல் விழுந்து, சிலைகள் எழுந்து நிற்கும். அந்த வெளிச்சம் எந்தக் கடையிலும் கிடைக்காது. சீக்கிரம் எழுபவருக்கு இலவசம்!