தக்காளியும் தாம்பரம் வண்டியும்

அப்ரைசலில் மேலாளர் கேட்டார்: "இன்னும் 5 வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

"கிழக்குத் தாம்பரத்துலதான் சார். வீட்டுக்கடன் 2041 வரைக்கும் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே நேர மேலாண்மைப் பயிற்சிக்கு என் பெயர் போய்விட்டது.

அங்கே கற்றுக்கொடுத்தது பொமொடோரோ முறை. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல், தக்காளி வடிவ சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படித்தாராம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. பொமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. சென்னையில் தக்காளி என்பது, சொல்கிறவரின் முகத்தைப் பொறுத்து, காய்கறியாகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளரிடம் இதை யாரும் சொல்லவில்லை. "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க, தக்காளி!" என்றார். மனதாரச் சொன்னோம்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் தக்காளியைத் திருகினேன். நாலாவது நிமிடம், "சார், ஒரே நிமிஷம்". ஒன்பதாவது நிமிடம் டீ. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு மீட்டிங். போன மீட்டிங் ஏன் முடிவில்லாமல் முடிந்தது என்று ஆராய்வதற்கு. மாலைக்குள் ஆறு தக்காளி வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பழுக்கவில்லை.

பழுத்த இடம் வேறு. 1931இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய நம் மின்சார ரயில், தாம்பரத்திலிருந்து ஆபீஸ் இருக்கும் கிண்டிக்கு வர ஏறக்குறைய 25 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. சிரில்லோவுக்குத் தெரிந்தால் டைமரைத் தூக்கிப் போட்டிருப்பார். "ஒரே நிமிஷம்" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். திரிசூலத்தில் விமானத்திலிருந்து இறங்கியவரின் பெட்டி காலில் ஏறும், அதுதான் ஓய்வு.

உட்கார இடம் கிடைத்தால்தான் இதெல்லாம். செங்கல்பட்டு வண்டி நிரம்பித்தான் வரும்; தாம்பரத்தில் புறப்படுகிற வண்டியைப் பிடிக்க வேண்டும். என் சக ஊழியர் ஒருவர் குரோம்பேட்டைக்காரர். தினமும் சானடோரியம் வழியாகத் தாம்பரத்துக்குப் பின்னோக்கி வந்து, ஜன்னலோரம் பிடித்து, மறுபடி குரோம்பேட்டையைக் கம்பீரமாகக் கடந்து போகிறார். சீசன் டிக்கெட்டையே தாம்பரத்திலிருந்து எடுத்திருக்கிறார், அந்த அளவுக்கு நேர்மை. முன்னேறுவதற்காக இப்படிப் பின்வாங்கிய வேறு யாரையும் எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

இதே தடத்தின் அந்தக் கோடியில், கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், துறைமுகம். அங்கே 1912இல் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். கணக்குப் பிரிவில் வேலை. கிடைத்த நேரத்தில் கணிதம். மேலதிகாரிகள் கண்டிக்கவில்லை, உதவினார்கள். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. ஒரே வருஷத்தில் இரண்டரை மடங்கு! அப்ரைசல் என்றால் அது. நானும் ஆபீஸ் நேரத்தில் கணக்குப் போடுகிறேன், வீட்டுக்கடன் வட்டிக் கணக்கு. அதுவும் முடிவிலித் தொடர்தான்.

ரயிலில் முடித்த வேலைகளால் இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு. பரிசாக, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். முதல் நாள் குக்கர், கூரியர், பக்கத்து வீட்டு டிரில்லிங். ஒரு தக்காளிகூடத் தேறவில்லை.

இப்போது அந்த இரண்டு நாளும் காலையில் கிண்டி வரை போய்விட்டுத் திரும்புகிறேன். சீசன் டிக்கெட்தான் இருக்கிறதே.