பிக்காசோவுக்குச் சீர்வரிசை

இரும்பும் கண்ணாடியும் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று வீம்பாகக் கட்டிய காலத்திலும் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் கட்டடக்கலை நிறுவனத்துக்குக் கலைப் பைத்தியம் உண்டு. 1948-இல் சின்சினாட்டியில் அவர்கள் கட்டிய ஓட்டலில் சாப்பிட வந்தவர்கள் மிரோவின் சுவரோவியத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டியிருந்தது.

பித்து முற்றியது சிகாகோவில். வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து 31 மாடிக்கு ஒரு நீதிமன்றக் கட்டடம். முன்னால் மொட்டைத் திடல். அங்கே பிக்காசோவின் சிற்பம்தான் நிற்க வேண்டும் என்று முடிவானது. அவரோ அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. போதாததற்குக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். நிறுவனத்தின் பங்குதாரர் வில்லியம் ஹார்ட்மன் அசரவில்லை. பெண் கேட்கப் போகிறவர் மாதிரி தட்டு நிறைய சீரோடு பிரான்சுக்குப் புறப்பட்டார். தட்டில் என்ன? செவ்விந்தியரின் இறகுத் தலைப்பாகை, தீயணைப்பு வீரரின் தொப்பி, இன்னும் என்னென்னவோ. கிழவர் மசிந்தார். ஒரு லட்சம் டாலர் காசோலையை நீட்டியபோது மட்டும் தொடவில்லை. சிகாகோ மக்களுக்கு அன்பளிப்பு என்றுவிட்டார்.

வந்து சேர்ந்தது 162 டன் எஃகு, 50 அடி உயரம். துருப்பிடிப்பதற்கென்றே செய்த எஃகு அது. கட்டடமும் அதே ரகம். புது இரும்பில் துரு ஏற்றுவதற்குத் தனியாகக் காசு வாங்கத் தெரிந்தவர்கள்! சிற்பத்துக்கான செலவு சுமார் மூன்றரை லட்சம் டாலர், மூன்று அறக்கட்டளைகள் தலையில்.

1967 ஆகஸ்ட் 15. மேயர் டேலி கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது. பெண்ணா, குரங்கா, பிக்காசோ வளர்த்த ஆப்கன் நாயா? தலைப்பாவது வைத்திருக்கக் கூடாதா மனுஷன்? இன்று விசித்திரம், நாளை பழகிவிடும் என்று மேயர் சமாளித்தார். அவருக்கும் புரியவில்லை என்பதற்கு இதைவிட நாகரிகமான வாக்குமூலம் கிடையாது. நகரமன்ற உறுப்பினர் ஜான் ஹோலன்தான் வெளிப்படையான ஆள்: இதைத் தூக்கிவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வையுங்கள் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளோ அதன் சரிவில் ஏறிச் சறுக்கப் பழகிக்கொண்டார்கள். மேயர் வாக்கு பலித்தது.

பேங்க்ஸுக்கும் 2008-இல் சிலை வந்தது, ரிக்லி மைதான வாசலில். யாரென்று பார்த்தவுடன் தெரிகிற சிலை. பீடத்தில் வெட்டிய இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களில்தான் ஓர் அபாஸ்ட்ராஃபி குறியை விட்டுவிட்டார்கள். பிறகு உளி கொண்டுவந்து சேர்த்தார்கள்.