அமுதாள் யார்?

மின்நூல் படிக்கும் கருவி வாங்கப் போகிறேன் என்று வெளியில் சொல்லக் கூடாது. "போன்லயே படிச்சுக்கலாமே, அதுக்கு எதுக்குத் தனியா ஒண்ணு?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். "என்ன இருந்தாலும் புத்தகத்தை மோந்து பாக்குற சுகம் வருமா?" என்று கேட்க இன்னும் நாலு பேர். இந்த இரண்டாவது கூட்டம் கடைசியாகப் புத்தகத்தை முகர்ந்தது பத்தாம் வகுப்பில் புதுப் பாடநூல் கொடுத்த அன்றைக்குத்தான் என்பது என் கணிப்பு.

கும்பகோணத்துப் பெரியப்பா இரண்டு கூட்டத்திலும் சேராதவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்புரை அறுவைக்குப் பிறகும் பழைய பதிப்புகளின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. "எழுத்தை வேணுங்கிற அளவு பெருசாக்கிக்கலாமாமேடா, அப்படி ஒண்ணு பாத்து வாங்கிக் குடு" என்றார். எப்போதோ யாருடைய பிரிண்டரையோ அணைத்துப் போட்டு ஓடவைத்ததிலிருந்து, எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் நான்தான் நிபுணன்.

விலை பத்தாயிரத்துக்கு மேல் என்றதும் பெரியம்மா விசாரணைக்கு வந்தார்.

"கலரா?"

"கறுப்பு வெள்ளைதான் பெரியம்மா. கலர்லயும் இருக்கு, விலை இன்னும் ஜாஸ்தி."

"பாட்டு?"

"அதுக்கு இல்ல இது."

"வீடியோ கால் பேசலாமா?"

"முடியாது."

"அப்ப என்னதான் வரும்?"

"எழுத்து வரும்."

பெரியம்மா பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "இவருக்கு ஏத்த சாமான்தான்."

பெரியப்பாவுக்கோ அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சொன்னேன்: திரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்சாரம் கொடுத்து எது மேலே வர வேண்டுமோ அதை வரவழைத்துவிட்டால், பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள் நகராது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. அதனால் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும். "அப்ப வெளிச்சத்துல எழுதுறதில்ல, மையாலதான் எழுதுறான்" என்று முடித்தார். அதன் பெயரே மின்மைதான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி, 16 ஜிபி, தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் என்று அடுக்குவார்கள். தண்ணீரில் போட்டுவிட்டுப் படிக்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. தமிழில் படிக்கிறவருக்கு முதல் கேள்வியே வேறு: கொம்பு எங்கே நிற்கிறது? கணினிக்குள் 'தேன்' என்ற சொல்லில் த முதலில் வரும், ஏகாரக் குறி அதற்குப் பின்னால். அந்தக் குறியைத் தூக்கி முன்னால் வைத்துக் காட்டுவது கருவியின் பொறுப்பு. ஓகாரம் என்றால் குறியைப் பிளந்து எழுத்துக்கு இருபுறமும் உட்காரவைக்க வேண்டும். இந்த வித்தை தெரியாத பழைய கருவிகளில் கொம்பு பின்னால் அநாதையாக நிற்கும், அல்லது பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள் வரும்.

கிண்டில் என்ற கருவி அமெரிக்காவில் வந்தது 2007-ல். அதில் தமிழ்ப் புத்தகங்களை அமேசான் முறையாக விற்க ஆரம்பித்தது 2016-ன் கடைசியில். நடுவில் இருந்த ஆண்டுகளைத் தமிழர்கள் தந்திரத்தால் கடந்தார்கள். 2013-ல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்துக்காரர்கள் ஒவ்வொரு நூலையும் ஈபப், மோபி என்ற வடிவங்களில் கொடுத்ததோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே ஒரு பிடிஎஃப்-உம் செய்து வைத்தார்கள். பிடிஎஃப் அச்சடித்த பக்கம் போன்றது, அதில் கொம்பு அசைய முடியாது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். கொம்பு வேண்டுமா, பெரிய எழுத்து வேண்டுமா என்று தேர்ந்துகொள்ள வேண்டிய காலம் அது. இப்போது இரண்டும் கிடைக்கிறது என்றதும் பெரியப்பா, "அப்ப வாங்கு" என்றார். ஒரு மச்சினன் மட்டும் கோபோ கருவிதான் நல்லது, ஈபப்-ஐ நேராகத் திறக்கும் என்று கடைசிவரை போராடினான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் 2022 முதல் கிண்டிலும் மின்னஞ்சலில் ஈபப் அனுப்பினால் தானே மாற்றி வைத்துக்கொள்கிறது. மச்சினன் தோற்றான்.

அடுத்தது புத்தகங்கள். "காசு குடுத்து வாங்கணுமா?" என்று கேட்டார் பெரியம்மா. இங்கேதான் நான் மதுரைத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து வைத்தார்கள். அதைக் கேட்டுப் பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகளைச் சென்னை மாகாண அரசு 1949-லேயே வாங்கிவிட்டது. கல்கி, புதுமைப்பித்தன் என்று பிறகு அந்தப் பட்டியல் நீண்டது. அந்த நூல்கள் எல்லாம் இலவசம். மற்றவர்களுக்குச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு ஆக வேண்டும்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எந்த எழுத்தாளர் பெயர் அடிபட்டாலும் பெரியப்பா முதலில் கேட்பது, "அவர் எப்ப காலமானார்?" இலக்கியக் கூட்டம் ஒன்றில் உயிரோடு மேடையில் இருந்த ஒருவரை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்ததை நானே கண்டேன். சுஜாதா 2008-ல் காலமானார், நாட்டுடைமை ஆகாவிட்டால் 2069-ல்தான் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். "அப்ப எனக்கு நூத்தி இருபதுக்கு மேல ஆயிடும். அதுவரைக்கும் கண்ணு நல்லா இருக்கணுமேடா" என்று கவலைப்பட்டார். பெரியம்மா அன்றைக்கே காசு கொடுத்து வாங்கச் சொல்லிவிட்டார்.

இலவசம் என்றதும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை இரண்டு மூன்றாக எடுத்துக்கொள்ளும் கை நமக்கு. பெரியப்பா கண்ணில் பட்டதை எல்லாம் இறக்கினார். சித்த மருத்துவம், நாடி சாஸ்திரம், கோழி வளர்ப்பு. கோழி எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்டா, எடம் இருக்கில்ல?" இடம் இருந்தது. எழுத்தாக இருக்கும் நூல் ஒரு எம்பிகூடப் பிடிக்காது.

இல்லாதது ஒழுங்கு. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகமும் ஐந்து ஆசிரியர் பெயரில் வந்து இறங்கியிருந்தன: கல்கி, கல்கி கிருஷ்ணமூர்த்தி, ரா. கிருஷ்ணமூர்த்தி, ஆங்கில எழுத்தில் ஒரு கல்கி, 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று ஒருவர். இதைச் சரிசெய்யக் காலிபர் என்ற மென்பொருள் இருக்கிறது. கோவிட் கோயல் 2006-ல் எழுத ஆரம்பித்தது, இன்றும் இலவசம். பொதுவாக உத்தமமான மென்பொருள், ஆனால் மேல்நாட்டு வழக்கப்படி பெயரின் கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுவந்து அடுக்கும். மறைமலை அடிகள் 'அடிகள், மறைமலை' ஆனார். இளங்கோ அடிகள் 'அடிகள், இளங்கோ'. நூற்றாண்டுகளைத் தாண்டி அடிகளார்கள் எல்லாம் ஒரே மடத்தில் கூடிவிட்டார்கள். புலவர் குழந்தை 'குழந்தை, புலவர்' என்று நின்றதைப் பார்த்துப் பெரியப்பா, "அதட்டிக் கூப்பிடற மாதிரி இருக்கே" என்றார். அந்த வழக்கத்தை அணைக்க அமைப்பில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்கேன் செய்த பழைய நூல்கள் தனிக் கதை. பேர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். உள்ளே போனால் ஊர் நூலக முத்திரை, யாரோ பென்சிலில் போட்ட கோடு, ஒரு பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் நகத்தோடு. ஆறு அங்குலத்தில் அந்த விரல்தான் தெளிவாகத் தெரிந்தது. அதனால் ஸ்கேனிலிருந்து எழுத்துணரி வாசித்து எழுத்தாக்கிய பிரதிகளைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போன்.

"ஏண்டா, யாருடா இந்த அமுதாள்?"

"எந்த அமுதாள் பெரியப்பா?"

"இந்த நாவல்ல கதாநாயகி பேரு மரகதம். மூணாவது அத்தியாயத்துல திடீர்னு 'மரகதம் அமுதாள்'னு வருது. சரி, முழுப்பேரு போலன்னு விட்டேன். அடுத்த பக்கத்துல மாமியாரும் அமுதாள். வேலைக்காரியும் அமுதாள்."

பார்த்தேன். எல்லாரும் அழுதிருக்கிறார்கள். எழுத்துணரிக்கு ழு என்பது மு. பழைய அச்சென்றால் அதற்குச் சோதனை இன்னும் அதிகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த 'லை', 'ணை' எல்லாம் அதற்கு என்னவென்றே புரிவதில்லை. யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். இலவசம் என்றால் வாங்குகிறவருக்கு விலை கிடையாது, செய்கிறவருக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான்.

பழைய நூல்களைப் பலர் சேர்ந்து எழுத்தாக்கும் விக்கிமூலம் தளத்தைக் காட்டியது நான்தான். ஒரு பக்கம் ஸ்கேன் படம், ஒரு பக்கம் எழுத்துணரியின் உளறல். பார்த்துத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்தால் பச்சையாகும். பெரியப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. மின்நூல் கருவியில் இந்த வேலை நடக்காது என்பதால் லேப்டாப் வாங்கினோம். கொம்பு சரியாக நிற்கிறதா என்று அதிலும் முதலில் பார்த்தார். நாளெல்லாம் திருத்தினார். ஆனால் தான் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது என்று தெரிந்த அன்று கொதித்துப் போனார். "முப்பது வருஷத்துக்கு மேல பரீட்சை பேப்பர் திருத்தினவன். எனக்கு மேல இன்னொருத்தன் திருத்துவானா?"

இன்னொருத்தன் இல்லை. பெரியம்மா தனக்கும் ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொண்டார். காசில்லாமல் நாவல் படித்த மாதிரியும் இருக்கும் என்று உட்கார்ந்தவர், முதல் பக்கத்திலேயே ஒரு பிழையைப் பிடித்தார். மூலத்தில் ஒற்று இல்லாத இடத்தில் பெரியப்பா ஒரு ப் போட்டிருந்தார்.

நியாயம் கேட்டு எனக்குப் போன் வந்தது. அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி என்றேன்.

"எழுதினவர் தப்பா எழுதியிருந்தா?"

"தப்பாவே இருக்கணும் பெரியப்பா."

அவர் போனை வைக்காமலே பெரியம்மாவிடம் சொன்னது கேட்டது: "அவனும் உன் கட்சிதான். எடுத்துத் தொலை அந்தப் ப்-பை."